அப்பாவுக்கு புராஸ்டேட் கேன்சர்: கீமோவா, மாத்திரையா? கையெழுத்துக்கு முன்னாடி போட வேண்டிய கணக்கு

உங்க அப்பாவுக்கு 60 தாண்டியிருக்கும். ராத்திரி நாலு தடவை பாத்ரூமுக்கு எழுந்திருக்கிறார்னு அம்மா ஒரு வருஷமா சொல்லிட்டு இருப்பாங்க. வயசானா அப்படித்தான்னு எல்லாரும் விட்டிருப்பீங்க. அப்புறம் இடுப்பு வலி, முதுகு வலி. ஊர் டாக்டர் பிஎஸ்ஏன்னு ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தர்றார். பொதுவா 4-க்குள்ள இருக்க வேண்டிய எண் 300, 400ன்னு வருது. பயாப்சி, ஸ்கேன், கடைசியில ஒரு வரி: புராஸ்டேட் கேன்சர், எலும்புக்குப் பரவியிருக்கு, ஸ்டேஜ் 4.

அன்னைக்கு ராத்திரியே நீங்க ரெண்டு விஷயத்தைத் தேடுவீங்க. ஒண்ணு, அப்பா எவ்வளவு நாள் இருப்பார். இன்னொண்ணு, எவ்வளவு லட்சம் ஆகும். ரெண்டாவது கேள்வியைத் தேடினதுக்காக உங்களுக்கே உங்க மேல கோபம் வரும். வர வேண்டாம். அந்தக் கேள்வியை யாராவது ஒருத்தர் கேட்டே ஆகணும், வீட்டில் சம்பளம் வாங்குறவர் நீங்கதான்.

நான் ஆடிட்டர், டாக்டர் இல்லை. எந்த மருந்து எடுக்கணும்னு இந்தக் கட்டுரை சொல்லாது. அது உங்க அப்பாவும் அவரோட ஆன்காலஜிஸ்டும் எடுக்க வேண்டிய முடிவு. ஆனா அந்த டாக்டர் ஒண்ணுக்கு மேற்பட்ட வழியை உங்க முன்னாடி வைப்பார். ஒவ்வொரு வழிக்கும் பணம் போற விதம் வேற. அதைத் தெரிஞ்சுக்காம தலையாட்டினா, ஆரம்பிச்ச சிகிச்சை பத்தாவது மாசம் பணம் இல்லாம நிக்கும். அதைத் தடுக்கிறதுதான் உங்க வேலை.

முதல்ல "எவ்வளவு லட்சம்" என்கிற கேள்வியே தப்பு. ஹார்ட் பைபாஸ் மாதிரி ஒரு தடவை பெரிய பில் கட்டி முடியிற நோய் இல்லை இது. புராஸ்டேட் கேன்சர் டெஸ்டோஸ்டிரோன் என்கிற ஆண் ஹார்மோனைச் சாப்பிட்டு வளருது. அந்த ஹார்மோனை நிறுத்தினா கட்டி சுருங்குதுன்னு 1941-ல காட்டினவர் சார்லஸ் ஹக்கின்ஸ். அதுக்காக 1966-ல அவருக்கு நோபல் பரிசு கிடைச்சுது. இன்னைக்கும் சிகிச்சையோட அடித்தளம் அதுதான். நுரையீரலிலோ கணையத்திலோ வர்ற ஸ்டேஜ் 4 மாதிரி இதை நினைக்காதீங்க. எலும்புக்குப் பரவின பிறகும் சிகிச்சையோட வருஷக்கணக்கில் நடமாடுறவங்க நிறைய பேர். நல்ல செய்திதான், ஆனா பட்ஜெட் பார்வையில இது ஒரு இஎம்ஐ. எப்போ முடியும்னு தேதி போடாத இஎம்ஐ. அதனால கேட்க வேண்டிய கேள்வி: மாசம் எவ்வளவு, அதில் இன்ஷூரன்ஸ் எவ்வளவு தரும், மூணு வருஷம் என் சம்பளம் தாங்குமா?

என்கிட்ட ரிட்டர்ன் ஃபைல் பண்ற ஒரு தம்பி. வயசு 29, சென்னையில் ஐடி வேலை, கைக்கு வர்றது 62,000. அப்பா டெல்டா பக்கத்து ஊரில், 67 வயசு. ஸ்கேன் ரிப்போர்ட் வந்த மறுநாள் போன் பண்ணி அவன் கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, ஊர்ல இருக்கிற வீட்டை வித்துடலாமா?" சிகிச்சை என்னன்னே இன்னும் முடிவாகலை. வீடு மட்டும் விக்கிற நிலைமைக்கு வந்துடுச்சு. "விக்காதே, முதல்ல டாக்டர்கிட்ட மூணு கேள்வி கேட்டுட்டு வா"ன்னு அனுப்பினேன்.

முதல் கேள்வி: ஹார்மோனை நிறுத்த ஊசியா, ஆபரேஷனா?

ஊசின்னா மாசம் ஒண்ணு, இல்லை மூணு மாசத்துக்கு ஒண்ணு. பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க. ஆபரேஷன்னா விரைகளை எடுத்துடுவாங்க. சின்ன அறுவை சிகிச்சை, ஒரே தடவை. டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிற வேலையை ரெண்டுமே செய்யும். இன்ஷூரன்ஸ் பக்கம் இருந்து பார்த்தா பெரிய வித்தியாசம் இருக்கு. ஆபரேஷன் என்பது சர்ஜரி, பொதுவா கிளெய்ம் ஆகும். ஊசி போட்டுட்டு பத்து நிமிஷத்தில் வீட்டுக்கு வந்தா "இது ஓபி சிகிச்சை"ன்னு நிராகரிக்க கம்பெனிக்குக் காரணம் கிடைக்கும். உதாரணத்துக்கு மூணு மாச ஊசி 9,000ன்னு வைங்க. (விலைப்பட்டியல் இல்லை, கணக்குக்காக.) மூணு வருஷத்தில் 12 ஊசி, 1,08,000 ரூபாய், எல்லாம் உங்க பாக்கெட்டிலிருந்து.

அதுக்காக ஆபரேஷன்தான் சரின்னு சொல்லலை. அதைத் திரும்பப் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. மனசுக்குக் கஷ்டமா இருக்கும்னு ஊசியைத் தேர்ந்தெடுக்கிறவங்க நிறைய, அது அவங்க உரிமை. ஆனா அந்த வழி இருக்குன்னே அப்பாவுக்குத் தெரியாம போகக்கூடாது. தம்பி இதை அப்பாகிட்ட எடுக்கவே ரெண்டு நாள் தயங்கினான். "எப்படிண்ணா அவர்கிட்ட போய் சொல்றது?" கடைசியில் டாக்டரே அப்பாவைத் தனியா உட்கார வச்சு விளக்கினார். அப்பா சொன்ன பதில்: "ஊசிக்காக ஆயுசு பூரா பஸ் ஏறி அலையுறதுக்கு இது எவ்வளவோ மேல்." கூச்சப்பட்டதெல்லாம் பையன்தான்.

ரெண்டாவது கேள்வி: கீமோவா, மாத்திரையா, ரெண்டுமா?

இந்தக் கேள்வியில்தான் குடும்பங்கள் பயத்தில் முடிவெடுக்குது. கீமோன்னாலே சினிமாவில் பார்த்த காட்சி ஞாபகத்துக்கு வந்து, "கீமோ வேணாம் டாக்டர், மாத்திரை கொடுங்க"ன்னு சொல்லிடுறோம். சரியான முடிவாவும் இருக்கலாம். ஆனா அது பயத்தில் எடுத்ததா, தெரிஞ்சு எடுத்ததா என்பது முக்கியம்.

இங்கே கீமோன்னா பெரும்பாலும் டோசிடாக்சல். மூணு வாரத்துக்கு ஒரு தடவை டிரிப், ஆரம்பக் கட்டத்தில் ஆறு தடவை. அதாவது நாலு மாசச் சொச்சம், அப்புறம் முடிஞ்சுது. 2015-ல் வெளியான சார்டட் என்கிற ஆய்வில் 790 பேர். ஹார்மோன் சிகிச்சை மட்டும் எடுத்தவங்களோட இடைநிலை ஆயுள் 44 மாசம், ஆரம்பத்திலேயே ஆறு டோஸ் கீமோவும் சேர்த்தவங்களுக்கு 57.6 மாசம். நோய் அதிகமா பரவினவங்களில் 32.2 மாசம், 49.2 மாசமாச்சு. குறைவாப் பரவினவங்களுக்குப் பலன் தெளிவா தெரியலை. இடைநிலைன்னா பாதிப் பேர் அதுக்கும் மேல இருந்தாங்க, பாதிப் பேர் அதுக்குக் கீழ. உங்க அப்பாவோட தேதி இல்லை அது.

இதே மருந்து ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாத நிலையில் 2004-லேயே வந்தது. அப்போ கிடைச்ச பலன், பழைய கீமோ மருந்தோட ஒப்பிட்டு, 16.5 மாசத்திலிருந்து 18.9 மாசம். ரெண்டும் வேற வேற ஆய்வு, நேரடியா ஒப்பிட முடியாது. ஆனாலும் "இப்போ வேணாம், முடியாத கட்டத்தில் பார்த்துக்கலாம்"னு கீமோவைத் தள்ளிப்போடுறதுக்கு முன்னாடி இந்த ரெண்டு எண்களையும் டாக்டர்கிட்ட காட்டிக் கேளுங்க.

மாத்திரை பக்கம் அபிராடெரோன், என்சாலுடமைடு மாதிரி மருந்துகள். ஆரம்பத்திலேயே அபிராடெரோன் சேர்த்தா ஆயுள் கூடுதுன்னு 2017-ல் ரெண்டு பெரிய ஆய்வுகள் காட்டின. பிரிட்டனில் நடந்த ஸ்டாம்பீட் ஆய்வில் டோசிடாக்சலையும் அபிராடெரோனையும் நேருக்கு நேர் வச்சுப் பார்த்தப்போ, மொத்த ஆயுளில் தெளிவான வித்தியாசம் தெரியலை. நோயைக் கட்டுக்குள்ள வச்சிருக்கிறதில் மாத்திரை முன்னாடி இருந்தது. இப்போ டாக்டர்கள் பெரும்பாலும் ஹார்மோன் சிகிச்சையோட மாத்திரையைச் சேர்க்கிறாங்க, நோய் அதிகமா பரவி உடம்பும் தாங்கும்னா கீமோவையும் சேர்த்து மூணும் கொடுக்கிறாங்க. அதனால "மலிவா இருக்கு, கீமோ மட்டும் போதும்"னு நீங்களா போய் வாதாடாதீங்க.

இப்போ என் தொழிலுக்கு வர்றேன். கீமோ என்பது தொடக்கமும் முடிவும் உள்ள செலவு, டே-கேர் சிகிச்சைன்னு பாலிசியில் இடம் இருக்கும். மாத்திரை பலன் தர்ற வரைக்கும் தினமும் வீட்டில் சாப்பிடணும், பில் மாசாமாசம் மெடிக்கல் ஷாப்பில். அதாவது உடம்புக்குப் பயமா தெரியிற வழி பணத்துக்குச் சுலபம். சுலபமா தெரியிற வழிதான் உங்க சம்பளத்தை மாசாமாசம் கடிக்கும். வாய்வழி கீமோவை மொத்தமா ஒதுக்கக்கூடாதுன்னு ஐஆர்டிஏஐ 2019-லேயே விதி போட்டுச்சு. ஆனா சப்-லிமிட் வைக்கலாம். அபிராடெரோன் ஹார்மோன் மாத்திரை என்பதால் "இது கீமோவே இல்லை"ன்னும் ஒரு வாதம் வரலாம். டிபிஏகிட்ட மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைங்க. போனில் "வரும் சார்"னு சொல்றதை நம்பாதீங்க.

நிறைய பேர் கவனிக்காத ஒரு விஷயம். பாலிசியில் போஸ்ட்-ஹாஸ்பிடலைசேஷன்னு 60 நாளோ 90 நாளோ இருக்கும். ஒவ்வொரு கீமோவும் ஒரு டே-கேர் அட்மிஷன். அந்தச் சிகிச்சை சம்பந்தமா அதுக்கப்புறம் எழுதிக்கொடுத்த மருந்து, ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எல்லாம் அந்தக் கணக்கில் கேட்கலாம். மூணு வாரத்துக்கு ஒரு கீமோன்னா அந்த நாலு மாசமும், கடைசி கீமோவுக்கு அப்புறம் ரெண்டு மாசமும் வரிசையா ஓடும். பிரிஸ்கிரிப்ஷனும் ஜிஎஸ்டி பில்லும் ஒரே ஃபைலில் சேருங்க.

மூணாவது கேள்வி: இதே மருந்து வேற கம்பெனியில் இருக்கா?

அபிராடெரோனுக்கு நம்ம ஊரில் பல ஜெனரிக் பிராண்டுகள் இருக்கு. அட்டையில் அச்சடிச்ச விலைக்கும் கடை தர்ற விலைக்கும் நிறைய இடைவெளி இருக்கும். ஆஸ்பத்திரி பார்மசியில் ஒரு விலை, வெளியில் ரெண்டு மொத்தக் கடையில் ஒரு விலைன்னு கேட்டுட்டு, "இந்த பிராண்ட் வாங்கலாமா"ன்னு டாக்டர்கிட்ட காட்டுங்க. கேன்சர் மருந்து என்பதால் குளிர்ப்பெட்டி, பேட்ச் நம்பர், பில் மூணும் சரியா இருக்கிற கடையிலேயே வாங்குங்க.

இன்னொண்ணும் கேட்கலாம். அபிராடெரோன் வழக்கமா 1,000 மில்லிகிராம், வெறும் வயித்தில். 2018-ல் 72 பேரை வச்சு நடந்த ஒரு ஆய்வில், கொழுப்பு குறைஞ்ச காலை உணவோட 250 மில்லிகிராம் கொடுத்தப்போ பிஎஸ்ஏ குறையிறது கிட்டத்தட்ட அதே அளவில் இருந்தது. சின்ன ஆய்வு, ஆயுளைப் பார்த்ததில்லை. ஆனா செலவு தாங்காத நோயாளிகளுக்கு இந்த முறையில் கொடுக்கிற டாக்டர்கள் இருக்காங்க. மாசச் செலவு நாலில் ஒரு பங்காகும். நீங்களா இதைப் பண்ணவே கூடாது. சாப்பாட்டோட எடுத்தா மருந்து உடம்பில் பல மடங்கு ஏறும், முழு டோஸையும் சாப்பாட்டோட எடுத்தா ஆபத்து. கேட்கலாம், முடிவு டாக்டரோடது.

தம்பி வீட்டில் கடைசியில் எடுத்த முடிவு: ஆபரேஷன், ஆறு கீமோ, கூடவே மாத்திரை. முதல் ரெண்டும் அவன் கம்பெனி குரூப் பாலிசியில் போச்சு, கோ-பே மட்டும் கையிலிருந்து. மாத்திரைக்கு மாசம் 9,000. ரத்தப் பரிசோதனை, பயணம் எல்லாம் சேர்த்து 12,000. பைக் லோனை முடிச்சுட்டு எஸ்ஐபியைப் பாதியாக் குறைச்சான். வீடு அப்படியே இருக்கு. எல்லாருக்கும் இப்படி அமையும்னு சொல்ல மாட்டேன். அவனுக்கு குரூப் பாலிசியில் பெற்றோர் இருந்தாங்க, அது பெரிய விஷயம்.

அந்த குரூப் பாலிசி பத்தி. பெற்றோரைச் சேர்க்கிற வாய்ப்பு வருஷத்துக்கு ஒரு தடவை ஒரு வார மெயிலா வரும், "பிரீமியம் கட் ஆகும்"னு நாம டெலிட் பண்ணிடுவோம். பெரும்பாலான குரூப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கிற நோய்க்குக் காத்திருப்புக் காலம் கிடையாது. அப்பா நல்லா இருக்கிறப்பவே சேருங்க. அப்பா சிகிச்சையில் இருக்கும்போது 30 சதவீத ஹைக் வருதுன்னு வேலை மாறினா, கடைசி வேலை நாளோட அந்த கவரேஜ் பொதுவா முடிஞ்சுடும். புதுக் கம்பெனியில் பெற்றோருக்கு கவர் இருக்கா, முதல் நாளிலிருந்தா, லிமிட் எவ்வளவு, இதெல்லாம் ஆஃபர் லெட்டரில் கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி கேளுங்க. கீமோ நடுவில் மாறணும்னா தேதியை ரெண்டு டோஸுக்கு இடையில் வைங்க.

நோய் தெரிஞ்ச பிறகு "சொல்லாம பாலிசி போட்டுடலாம்"னு ஒரு ஏஜென்ட் வருவார். வேண்டாம். கிளெய்மும் போகும், கட்டின பிரீமியமும் போகும். கிளெய்மை அநியாயமா நிராகரிச்சா முதல்ல கம்பெனிக்குப் புகார் எழுதுங்க. 30 நாளில் பதில் இல்லைன்னாலோ பதில் திருப்தி இல்லைன்னாலோ இன்ஷூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை.

கவரே இல்லாதவங்க கவனத்துக்கு. ஆண்டு வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருஷம் 5 லட்சம் வரை இருக்கு. அப்பா அம்மா தனி ரேஷன் கார்டில் இருந்தா தகுதி உண்டான்னு விசாரிங்க. 70 வயசு தாண்டினவங்களுக்கு வருமான வரம்பே இல்லாம மத்திய அரசின் ஆயுஷ்மான் வய வந்தனா கார்டு 2024 அக்டோபரில் வந்தது. உங்க ஊரில் எந்த ஆஸ்பத்திரி அதை எடுக்குதுன்னு முதல்ல கேட்டுக்கங்க. அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட், காஞ்சிபுரம் காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனை ரெண்டையும் "கூட்டம் அதிகம்"னு ஒதுக்காதீங்க. ரெண்டாவது கருத்துக்காவது போங்க.

வரிச் சலுகை பத்தி எல்லாரும் கேட்பீங்க, சுருக்கமா சொல்றேன். பிரிவு 80டிடிபி-யில் உங்களைச் சார்ந்திருக்கிற மூத்த குடிமகனோட கேன்சர் செலவுக்கு 1,00,000 வரை கழிவு உண்டு. இன்ஷூரன்ஸ் தந்த தொகையைக் கழிச்சுக்கணும், ஆன்காலஜிஸ்ட் பிரிஸ்கிரிப்ஷன் வேணும். ஆனா இது பழைய வரி முறைக்கு மட்டும்தான். 2025-26-ல் புதிய முறையில் 12,75,000 சம்பளம் வரை வரியே இல்லை, அதனால உங்களில் பாதிப் பேருக்கு இந்தப் பத்தியே தேவைப்படாது. அதுக்கு மேல சம்பளம்னா ரெண்டு முறையிலும் போட்டுப் பாருங்க. ஏப்ரல் 2026 முதல் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறும்.

கீமோ ஓடுற நாலு மாசத்துக்குப் பணத்தை எஃப்டியில் பூட்டி வைக்காதீங்க. ஒவ்வொரு டோஸுக்கும் அப்புறம் ஒரு வாரம், பத்து நாளில் வெள்ளை அணுக்கள் கீழே போகும். அப்போ 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா டோலோ போட்டு விடியட்டும்னு காத்திருக்கிற காய்ச்சல் இல்லை அது, உடனே ஆஸ்பத்திரி. ராத்திரி ரெண்டு மணிக்கு அட்வான்ஸ் கேட்பாங்க, கேஷ்லெஸ் அப்ரூவல் காலையில்தான் வரும். ஒரு 50,000 சேவிங்ஸ் அக்கவுண்டிலேயே இருக்கட்டும், ஏடிஎம் பின் அம்மாவுக்கும் தெரியட்டும். உங்க லீவையும் டோஸ் போடுற நாளுக்கு மட்டும் செலவழிக்காம அந்த ரெண்டாவது வாரத்துக்கு மிச்சம் வைங்க. இன்னொரு அவசரம்: முதுகு வலியோட கால் மரத்துப்போறது, நடை தடுமாறுறது. எலும்பில் நோய் இருக்கிறவங்களுக்கு அது தண்டுவடம் அழுந்துற அறிகுறியா இருக்கலாம், அன்னைக்கே காட்டணும்.

சில வருஷம் கழிச்சு பிஎஸ்ஏ திரும்ப ஏற ஆரம்பிக்கும் காலம் வரலாம். அப்போ பட்டியல் நீளும், விலையும் ஏறும். பிஆர்சிஏ மரபணுப் பரிசோதனை எழுதுவாங்க. அதை வெட்டிச் செலவுன்னு தள்ளாதீங்க. குறை இருந்தா அப்பாவுக்கு ஓலாபரிப் மாதிரி மருந்து பொருந்தும். அது உங்களுக்கும் உங்க அக்கா தங்கச்சிக்கும் வந்திருக்க வாய்ப்பு இருக்கான்னும் தெரியும். அடுத்து லுடேஷியம் சிகிச்சைன்னு சொல்வாங்க. 2021-ல் வெளியான ஆய்வில், மற்ற வழிகள் தீர்ந்தவங்களோட இடைநிலை ஆயுள் 11.3 மாசத்திலிருந்து 15.3 மாசமாச்சு. கடன் வாங்கிப் போடுறதுக்கு முன்னாடி டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: இதில் எங்க அப்பாவுக்குக் கூடுதலா என்ன கிடைக்கும், அந்த மாசங்களில் அவர் நடப்பாரா, வலி குறையுமா? இதை அப்பா இருக்கும்போதே கேளுங்க. பெரும்பாலான வீட்டில் அவர்கிட்ட மறைச்சுட்டு, அவர் உடம்பைப் பத்தி அண்ணன் தம்பி மாமா எல்லாரும் முடிவெடுக்கிறாங்க. வலி நிவாரண மருத்துவரை முதல் வருஷத்திலேயே பார்த்து வைக்கிறதும் நல்லது, அது கைவிட்ட பிறகு போற இடம் இல்லை.

பேப்பர் வேலை ஒண்ணு பாக்கி. அப்பாவோட பேங்க் அக்கவுண்டை அம்மாவோட சேர்த்து "இருவரில் யாரேனும்" முறைக்கு மாத்துங்க. எஃப்டி, எல்ஐசி, போஸ்ட் ஆபீஸ் எல்லாத்திலும் நாமினி பேர் சரியா இருக்கான்னு பாருங்க. "ஏன் இப்போ?"ன்னு அம்மா அழுவாங்க, அப்பா பெரும்பாலும் அழ மாட்டார். கீமோ முடிஞ்ச மூணாவது வாரம், அடுத்த டோஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவருக்குக் கொஞ்சம் தெம்பு இருக்கும். பேங்குக்கு அன்னைக்குக் கூட்டிட்டுப் போங்க, காலையில் பத்து மணிக்கு, கூட்டம் சேர்றதுக்கு முன்னாடி.